நூற்றெட்டு வரும்வரை யார் பொறுப்பு?

"பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி இல்லை; வாத்தியார் டாக்டர் இல்லை." பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், பாம்பு கடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதிவிடலாம் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே வரும் பதில் இது. ஆசிரியர் அறையில் சொல்கிறார்கள், தனியார் பள்ளி நிர்வாகிகள் சொல்கிறார்கள், கல்வி அலுவலகத்தில் சொல்கிறார்கள். பெற்றோரில் பலரும் "அதுவும் சரிதானே" என்று தலையாட்டுகிறார்கள்.

அந்த வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துச் சொல்வதே நியாயம். அரசுப் பள்ளி ஆசிரியரின் நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. எமிஸ் இணையதளப் பதிவு, விலையில்லாப் பொருள் வழங்கல், தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று கற்பித்தலுக்குத் தொடர்பில்லாத வேலைகளுக்கு முடிவே இல்லை. தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள்; ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். மருத்துவம் படிக்காதவர் கைவைத்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் முதலில் வருவது உறவினர் கூட்டம், அடுத்து போலீஸ், அதற்கடுத்துப் பணி இடைநீக்க ஆணை. 2008 செப்டம்பர் முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்துவதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. வழிகாட்டு நெறிமுறைகளும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆகவே ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு போன், பெற்றோருக்குத் தகவல், இவை போதும். சட்டம் என்று ஒன்று வந்தால் அது ஆசிரியர் கழுத்துக்கு இன்னொரு கயிறு.

இதில் சொல்லப்படும் தகவல்கள் எவையும் பொய்யில்லை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. விழுந்து கிடக்கும் பிள்ளையைத் தொடாமல் தள்ளி நிற்பவருக்கு எந்த ஆபத்தும் இல்லை, தொட்டவருக்குத்தான் ஆபத்து என்ற எண்ணம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை வளர்த்தது சட்டமின்மை. அதைச் சட்டத்தால்தான் திருத்த முடியும்.

வாதத்தை உரசிப் பார்க்க நல்ல இடம் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் சாலையில், சமவெளி முடியப் போகிற இடத்தில் உள்ள பேரூராட்சி அது. ஒரு திசையில் போனால் சமதளச் சாலை, மாவட்டத் தலைநகர், 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. எதிர்த்திசையில் காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேட்டைச் சுற்றி 14 ஊராட்சிகள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே தேர்வு. ஆபத்து வந்தால் மட்டும் இருவருக்கும் கிடைக்கும் நிமிடங்கள் வேறு வேறு.

1. "108 இருக்கிறதே!"

இருக்கிறது. எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான் கேள்வி. இதயம் நின்றுபோன உடம்பில் நாலைந்து நிமிடத்துக்குள் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். கதண்டு கொட்டியோ உணவு சேராமலோ கடும் ஒவ்வாமை வந்தால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடச் சில நிமிடங்களே போதும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அதுவே தனி அவசரநிலை. நாமக்கல் நகருக்குள்ளேயே இந்தக் கெடுவுக்குள் வண்டி வந்து நிற்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். 70 வளைவுகளுக்கு மேலே, அலைபேசியில் கோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் ஒரு குக்கிராமப் பள்ளிக்கு யார் எழுதித் தருவார்?

மலையில் 108இன் எல்லை எதுவென்று 2023 மே மாதம் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக்கிராமத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே இறந்தது. திரும்பி வந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதியில் நின்றது. தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். அது பள்ளியில் நடந்ததில்லை. ஆனால் அதே மலைகளில்தான் பள்ளிகளும் இருக்கின்றன.

108ஐக் கூப்பிடாதே என்று எந்த அவசரகாலச் சட்டமும் சொல்லாது. முதல் வேலையே அந்த அழைப்புதான். அழைப்புக்கும் வண்டிக்கும் நடுவே கிடக்கும் நேரத்தைப் பற்றியதுதான் இந்த விவாதம் முழுவதும். அந்த நேரத்தைக் காலியாக விட்டுவிட்டு "108 இருக்கிறது" என்பவர், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார்.

2. "தெரியாதவர் கைவைத்தால் ஆபத்து"

தெரியாதவர்கள் இப்போதே கைவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது யார்? பல்லுக்கு இடையில் கரண்டியைச் செருகுவது யார்? பாம்பு கடித்த காலுக்கு மேலே ரத்தம் நிற்கும்படி கயிற்றால் இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடி ஓடுவது எல்லாம் பயிற்சி இல்லாத நல்லெண்ணத்தின் வேலைகள். ஆக, பயிற்சி கொடுத்தால் ஆசிரியர் தலையிடத் தொடங்கிவிடுவார் என்ற அச்சத்துக்குப் பொருளே இல்லை. எப்படியும் யாரோ தலையிடத்தான் போகிறார்கள். தெரிந்து தலையிடுவார்களா, தெரியாமல் தலையிடுவார்களா என்பதே மிச்சம்.

செய்ய வேண்டியதும் மலைபோன்ற வித்தை இல்லை. வலிப்பா? பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வை, சுற்றியுள்ள நாற்காலி மேசையை நகர்த்து, கடிகாரத்தைப் பார், வாயில் எதையும் வைக்காதே. பாம்புக்கடியா? பிள்ளையை நடக்க விடாதே, கடிபட்ட காலை எலும்பு முறிந்ததைப் போல அசையாமல் கட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போ. சர்க்கரை நோயுள்ள பிள்ளை வியர்த்து நடுங்குகிறதா? நினைவு இருந்தால் உடனே சர்க்கரை கொடு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே. ஒரே நாளில் கற்றுத்தரக் கூடிய விஷயங்கள் இவை.

பொதுமக்களுக்கு இதெல்லாம் வராது என்பவர்கள் டென்மார்க்கைப் பார்க்கலாம். அந்த நாடு 2005இல் பள்ளிகளிலேயே உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் உரிமம் எடுப்பவருக்கும் பின்னர் அதை விதித்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்கு அருகில் இருந்தவர்களே மார்பை அழுத்தி உயிர்காப்பு செய்தது 2001இல் 21 விழுக்காடு. 2010இல் 45 விழுக்காட்டை நெருங்கியது. முப்பது நாளைத் தாண்டி உயிர் பிழைத்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8ஆக உயர்ந்தார்கள். பள்ளிப் பயிற்சி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது; சாதாரண மக்களின் கையால் இது முடியும் என்பது மட்டும் உறுதி. உலக சுகாதார நிறுவனமும் 12 வயது முதல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மணி நேர உயிர்காப்புப் பயிற்சி என்ற திட்டத்தை 2015இல் ஏற்றுக்கொண்டது.

டென்மார்க் தூரம் என்றால் பேருந்து நிறுத்தத்துக்கு வரலாம். தமிழ்நாட்டில் நடத்துநர் உரிமம் கேட்பவர் முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் கொல்லிமலை ஏறும் பேருந்தில் டிக்கெட் கிழிப்பவரிடம் அரசு எதிர்பார்க்கும் தகுதியை, அதே பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைகளை நாள் முழுதும் வைத்திருக்கும் பள்ளியில் ஒருவரிடமும் எதிர்பார்ப்பதில்லை. நடத்துநரை டாக்டர் ஆக்கிவிட்டார்கள் என்று இதுவரை எவரும் குறைப்பட்டதில்லை.

3. "ஆசிரியருக்குத்தான் வழக்கு வரும்"

வரும். சட்டம் இல்லாத இடத்திலும் வந்தது. 2019 நவம்பர் 20 அன்று கேரளத்தின் வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில் ஒரு அரசுப் பள்ளி வகுப்பறைக்குள், தரையில் இருந்த பொந்தில் கால் பட்டபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமியைப் பாம்பு கடித்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் தந்தை வரும்வரை காத்திருந்தார்கள் என்று சக மாணவர்களே குற்றம் சாட்டினார்கள். மருத்துவமனை மாற்றி மருத்துவமனை போய், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழியில் பத்து வயதுப் பிள்ளை இறந்தது. அதன்பின் நடந்தவை பணி இடைநீக்கம், போலீஸ் வழக்கு, மாணவர் போராட்டம். வழக்கில் பள்ளியைச் சேர்ந்தவர்களோடு ஒரு மருத்துவரும் சிக்கினார். "எதையும் செய்யாமல் இருந்தால் தப்பிக்கலாம்" என்ற கணக்கு அங்கே எவரையும் காப்பாற்றவில்லை, பிள்ளையையும் சேர்த்து.

இப்போது ஆசிரியருக்கு இருக்கும் பாதுகாப்பு என்ன? 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, உதவிக்கு வருபவரை சிவில், குற்றவியல் வழக்குகளிலிருந்து காக்கிறது. ஆனால் அந்தக் காப்பு வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் மட்டுமே. தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டமும் 2021 முதல் சாலை விபத்துக்குத்தான் முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தருகிறது. ஆக, பள்ளி வாசலுக்கு வெளியே தார்ச்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பிள்ளையைத் தூக்கினால் சட்டம் உங்கள் பக்கம். அதே பிள்ளை பத்தடி உள்ளே, வராந்தாவில் விழுந்து கிடந்தால் உங்கள் துணைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவுதான் உண்டு. நல்லெண்ணத்தோடு ஒருவர் நன்மைக்காகச் செய்தது குற்றமாகாது என்று அது சொல்கிறது. ஆனால் வழக்கில் மாட்டிய பின் நீதிமன்றத்தில் நின்று எடுத்து வைக்க வேண்டிய வாதம் அது. வழக்கையே தடுக்கும் சுவர் இல்லை.

வெளிநாட்டுச் சட்டங்கள் இந்த இடத்தைத்தான் முதலில் அடைத்தன. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பள்ளியில் வேர்க்கடலை ஒவ்வாமை ஏற்பட்டு ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். அதே ஆண்டு, அவசரத்துக்கு எபிநெப்ரின் ஊசியைப் பள்ளிகள் இருப்பு வைக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. 2013 நவம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம், இத்தகைய விதிகளைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை தந்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: ஊசி போடும் பயிற்சி பெற்ற பள்ளிப் பணியாளருக்கு வழக்கிலிருந்து போதிய பாதுகாப்பு இருக்கிறது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் சான்று தர வேண்டும். ஆசிரியரை மாட்டிவிடும் சட்டம் என்று இங்கே பயமுறுத்தப்படுவது, அங்கே ஆசிரியருக்குக் கவசமாக எழுதப்பட்டிருக்கிறது.

4. "வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றனவே"

இருக்கின்றன, பீரோவில் இருக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் பள்ளிப் பாதுகாப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பள்ளி சுகாதாரத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்கள் என்று நியமிக்கச் சொன்னது. 2021இல் மத்தியக் கல்வி அமைச்சகம் பள்ளிப் பாதுகாப்பில் யாருக்கு என்ன பொறுப்பு என்று இன்னொரு நெறிமுறையைத் தந்தது. இவற்றைப் பின்பற்றாத பள்ளிக்கு என்ன ஆகும்? அங்கீகாரம் போகுமா? ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்பாரா?

கேட்க மாட்டார். கேட்க வேண்டிய பட்டியலில் அது இல்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி அங்கீகாரத்துக்கு நான்கு சான்றிதழ்கள் வேண்டும்: கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. நான்கும் கட்டடத்தையும் வளாகத்தையும் பற்றியவை. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மூச்சு நின்றால் என்ன செய்வார்கள் என்று எந்தச் சான்றும் கேட்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், நூலகம் வரை சொல்கிறது. முதலுதவி அதில் இல்லை.

தொழிற்சாலைக்கு மட்டும் வேறு நியாயம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று விதித்தது. பெட்டிக்குப் பொறுப்பாக, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுதும் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் வேலை பார்த்தால் ஆம்புலன்ஸ் அறையே வேண்டும் என்றது. சேந்தமங்கலம் வட்டாரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளிக்கு 1948இல் எழுத்தில் கிடைத்த காப்பு, அவர் மகள் படிக்கும் பள்ளிக்கு இன்னும் வரவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் நல்லெண்ணம் மட்டும் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவையே சாட்சி. 2018 ஜூலையில் அங்கே ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி என்ற பெயரில் மாடியிலிருந்து கீழே விரித்த வலையில் குதிக்கச் சொன்னார்கள். தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆளைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்று ஆணையம் அறிவித்தது. யார் பயிற்சி தரலாம், என்ன பாடம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் சட்டமும் விதியும் சொல்லவில்லையென்றால் எவர் வேண்டுமானாலும் பயிற்சியாளர்தான்.

5. "எங்கோ ஒன்று நடந்ததற்காகவா சட்டம்?"

எங்கோ ஒன்று நடந்த பிறகுதான் இந்த நாடு பள்ளிகளுக்கு விதி எழுதியிருக்கிறது. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிய பிறகு கூரைக் கொட்டகைகள் போயின. தீயணைப்புச் சான்று கட்டாயமானது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகு பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. 2013 ஜூலை 16இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைத் தின்று 23 குழந்தைகள் இறந்த பிறகு, ஆசிரியர் முதலில் ருசி பார்க்கும் விதி நாடெங்கும் இறுக்கப்பட்டது. நெருப்புக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று போன விபத்தின் அளவுக்கே சட்டை தைக்கிறோம். எந்த வகை ஆபத்தானாலும் முதல் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்வது என்ற பொது ஏற்பாடு மட்டும் இல்லை.

"அரிது" என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆயிரம் பேரில் 4 முதல் 10 பேருக்குக் கால்கை வலிப்பு இருக்கிறது. அதன்படி 500 பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டு முதல் ஐந்து பேர். அதோடு ஆஸ்துமா உள்ளவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களைச் சேருங்கள். இவர்கள் எங்கிருந்தோ வரப்போகிறவர்கள் இல்லை. இன்று காலை வருகைப் பதிவேட்டில் பெயர் படிக்கப்பட்டவர்கள்.

பாம்புக்கடியோ அரிது என்ற பேச்சுக்கே இடம் தராது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வு மதிப்பீடு. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் கணக்கில் ஏற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளியில் கடித்தால் மருத்துவமனைக்கு யார் கொண்டுபோவது என்பதைச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

நோயுள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து நாளில் மட்டும் சிக்கல் வருவதில்லை. இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்ளலாமா, வகுப்பு நடுவே இரண்டு பிஸ்கட் தின்னலாமா, இன்சுலின் ஊசியை எங்கே போட்டுக்கொள்வது என்பதெல்லாம் அந்தந்த ஆசிரியரின் மனப்போக்கைப் பொறுத்தது. சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் பொதுத் தேர்வுக் கூடத்துக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. அறிவித்ததே 2017இல்தான். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இன்ஹேலரைக் கூடவே வைத்திருப்பது மாணவரின் சட்டப்பூர்வ உரிமை.

6. "ஆசிரியருக்கு ஏற்கெனவே சுமை"

இந்த ஒரு வாதம் மட்டும் மரியாதையோடு பதில் சொல்லத் தக்கது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினால் மிச்சப் பிள்ளைகளை யார் பார்ப்பது? மருத்துவமனையில் கையெழுத்து யார் போடுவது? ஜீப்புக்குக் காசு யார் கொடுப்பது? இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் இல்லாததால்தான் சட்டம் தேவைப்படுகிறது. இன்றைக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் விபத்து நடந்த அந்த நிமிடத்தில் ஒரு தனி ஆசிரியரின் தலையில் மொத்தமாக விழுகின்றன. எழுதி வைத்த திட்டம் இருந்தால் அவை முன்கூட்டியே பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும்.

பள்ளி என்றால் ஆசிரியர் மட்டும் இல்லை. சத்துணவு அமைப்பாளர் இருக்கிறார், சமையலர் இருக்கிறார், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள் வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தலைவர் ஒரு தாய். உயர் வகுப்பில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் சாரணர் இயக்கமும் இருக்கின்றன. பயிற்சியை இவர்களுக்கும் கொடுக்கலாம். இங்கிலாந்தில் நோயுள்ள மாணவருக்கு உதவும் ஏற்பாட்டைச் செய்வது பள்ளி நிர்வாகத்தின் கடமை என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் மருந்து கொடுக்கும்படி எந்த ஒரு பணியாளரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அதன் வழிகாட்டி தெளிவாக எழுதுகிறது. கடமை நிறுவனத்துக்கு, விருப்பம் தனிமனிதருக்கு. ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்க வேண்டிய சட்டமா இது? முன்னின்று கேட்க வேண்டிய சட்டம்.

சுமை வாதம் முழுதாக உடையும் இடம் விடுதி. கொல்லிமலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சமவெளியில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமோ தனியார் உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் பேர் போனது. அங்கே பள்ளி நேரம் நாலரை மணிக்கு முடிவதில்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. விடிகாலையில் "வயிறு வலிக்குது" என்று எழும் பிள்ளையின் இமைகள் சரியத் தொடங்கினால் அது கட்டுவிரியன் விஷமாக இருக்கலாம் என்று விடுதிக் காப்பாளருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வாரம் ஏழு நாளும் இரவு பகலாகப் பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டு கட்டணமும் பெறும் நிர்வாகம், "நாங்கள் பாடம் நடத்த மட்டும்தான்" என்று சொல்ல முடியாது.

அப்படியானால் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில், என்ன இருக்கக் கூடாது. பாம்பு விஷமுறிவு மருந்தைப் பள்ளியில் வைக்கக் கூடாது; அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது, மருத்துவர் முன்னிலையில்தான் கொடுக்க வேண்டும். நோய் என்னவென்று முடிவு செய்யும் வேலையை ஆசிரியருக்குத் தரக் கூடாது. நல்லெண்ணத்தோடு உதவி, பலனில்லாமல் போனால் தண்டிக்கும் பிரிவு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இருக்க வேண்டியவை ஆறு. அரசு, உதவிபெறும், தனியார் என்ற பேதமின்றி ஒவ்வொரு பள்ளிக்கும் விடுதிக்கும் எழுத்தில் ஒரு அவசரகாலத் திட்டம். அதில் விஷமுறிவு மருந்து இருப்புள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது, போக எந்த வண்டி, யார் கூடப் போவது என்ற விவரம். பள்ளி நேரத்திலும் விடுதி நேரத்திலும் பயிற்சி பெற்ற இருவராவது வளாகத்தில் இருத்தல். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர், குறித்த கால இடைவெளியில் புதுப்பித்தல். நோயுள்ள மாணவர் தன் மருந்தைக் கூடவே வைத்திருக்கும் உரிமை. பயிற்சியின்படி உதவியவருக்கு சிவில், குற்றவியல் நடவடிக்கையிலிருந்து காப்பும், அவர் செலவழித்த வண்டிக்காசைத் திருப்பித் தரும் ஏற்பாடும். பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை, நடந்த சம்பவங்களுக்கு ஒரு பதிவேடு. இந்த இரண்டையும் அங்கீகாரப் புதுப்பிப்போடு இணைத்தல்.

இதற்கு மத்திய அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வி 1976 முதல் பொதுப் பட்டியலில். 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதும் அதே சட்டத்தின் கீழ்தான். பள்ளிப் பாதுகாப்பு கல்வி உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கும்பகோணம் தீயை முன்வைத்த வழக்கில் 2009இல் சொல்லிவிட்டது. அதிகாரமும் முன்னுதாரணமும் தீர்ப்பும் கையில் இருக்கின்றன. இல்லாதது மசோதா மட்டும்.

சட்டம் வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார்? பிள்ளையை எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டுபோவீர்கள்? என் பிள்ளையின் மருந்து எங்கே இருக்கிறது? கிடைத்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பதில் இல்லையென்றால் இல்லை என்றே எழுத வையுங்கள். அதன் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். காளப்பநாயக்கன்பட்டியும் கொல்லிமலையும் அடங்கிய சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் முதலில் எழுப்ப அந்தத் தொகுதியின் உறுப்பினரை விடப் பொருத்தமானவர் இல்லை.